மழைப் பாடமும் ஆமைப் பக்கமும்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இளம் ஆசிரியர்களான உங்களில் ஒருத்தி என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். "மிஸ், பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல பசங்க படிக்கிற வீடியோ போடலாமா, வேணாமா?" என்று கேட்டாள். "தாராளமா போடு" என்றேன். ரசம் வருவதற்குள் "வேணாம், போடாதே" என்றேன். பாயசம் வந்தபோது "தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டேன். ரிட்டயர் ஆனதும் மூளையையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன் போல என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். வந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

நான் 1993-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள். கடைசிப் பத்து வருஷம் ஒலக்கூர்ப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தேன். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமை என்று பெயர்தானே தவிர, மணி அடிப்பதும் நான்தான், மதியச் சாப்பாட்டுக்கு முட்டை எண்ணுவதும் நான்தான். எனக்குக் கோபம் அதிகம். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஒன்றியம் முழுக்கத் தெரியும். சாக்பீஸ் என் கையில் உடையாத நாள் கிடையாது.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது என் மகன் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தான். நெட் மலிவாகி, ஊரில் எல்லார் கையிலும் அந்த மாதிரி போன் வந்துவிட்ட சமயம். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடித்ததும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ வளரும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களைப் பெற்றோர் கூட்டத்துக்கு எப்படி வரவழைப்பது? ஒரு குரூப் ஆரம்பித்தேன். தினம் ஒரு பிள்ளை ஒரு பாடத்தை வாசிப்பதை வீடியோ எடுத்து, சாயங்காலம் நாலரைக்குப் போட்டுவிடுவேன். கீழே ஒரு வரி: "வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவும்."

அது எப்படிப் பற்றிக்கொண்டது என்கிறீர்கள்! போட்ட ஐந்து நிமிஷத்தில் கை தட்டும் படங்களும் ரோஜாப்பூக்களும் வந்து விழும். வீடியோவில் வர வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார்கள். லீவு போடுவது குறைந்தது. படிக்கச் சொன்னால் டெஸ்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பையன்கூட "இன்னைக்கி நானு, இன்னைக்கி நானு" என்று கை தூக்கினான். நான் ரொம்பவே பெருமைப்பட்டேன். அதை மறைப்பானேன்.

மூன்றாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். அப்பாவும் அம்மாவும் சென்னையில், இவள் அத்தை வீட்டில். இரண்டாம் வகுப்பு வரை இருக்கிற இடம் தெரியாது. குரூப் ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தாள். திறந்தவள் கணீரென்று திறந்தாள். அவளுடைய முறை வந்த அன்று மழையைப் பற்றிய பாடத்தை வாசித்தாள். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். விரல் நின்றால் என் குரல் உயரும். தர்ஷினியின் விரல் எங்கேயும் நிற்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு தடவைகூடத் திக்காமல் முடித்தாள். வீடியோவின் கடைசியில் "சபாஷ்டி" என்று கேட்கும், அது என் குரல்தான்.

அவள் அம்மா அஞ்சலையிடமிருந்து அன்றைக்கே குரலில் ஒரு செய்தி வந்தது. பின்னால் சிமென்ட் கலக்கும் மிஷின் இரைச்சல். "டீச்சர், இங்க வேல செய்யறவங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கினு இருக்கேன் டீச்சர். மேஸ்திரி கூட கேட்டாரு. எம்பொண்ணு பேப்பரு படிக்கற மாரி படிக்குதேன்றாரு. நீங்க நல்லா இருக்கணும்." அதை நான் நாலு தடவை கேட்டேன்.

வீடியோ எங்கள் குரூப்போடு நிற்கவில்லை. நான்தான் அதை ஒன்றிய ஆசிரியர்கள் குரூப்பிலும் போட்டேன். யாரோ முகநூலில் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் எங்கள் கல்வி அலுவலர் போன் செய்தார். விழுப்புரத்தில் மாவட்ட அளவில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். சமூக வலைத்தளத்தைக் கற்பித்தலுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பேசப் போகிறார்கள். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து மேடையில் வாசிக்க வைக்க வேண்டும். "நம்ம ஒன்றியத்துக்கே பெருமை மேடம்" என்றார். நான் பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் ஆசிரியர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பாப்பா படிக்கிறது மழைப் பாடம். ஆனா விரல் இருக்கிற பக்கத்துல ஆமை படம் தெரியுது. ஒரு தடவை பாருங்க."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, எனக்குப் பாடம் நடத்துகிறாயா? வயிற்றெரிச்சல் என்றுதான் முதலில் தோன்றியது. "தம்பி, உங்க கிளாஸைப் பாருங்க" என்று பதில் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எடுத்து வீடியோவைப் போட்டு, நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆமைதான். குளத்தங்கரையில், ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு, என்னையே பார்ப்பது போல இருந்தது. மழைப் பாடம் அதற்கு எட்டுப் பக்கம் முன்னால். விரல் ஆமைப் பாடத்தின் வரிகளில் ஓடுகிறது, வாய் மழையைச் சொல்கிறது. நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் அவள் முகம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வணக்கம் முடிந்ததும் தர்ஷினியை மட்டும் என் மேஜைக்குக் கூப்பிட்டு ஆமைப் பாடத்தைத் திறந்து வைத்தேன். விரலை வைத்தாள். என் கையைப் பார்த்தாள்.

"போன் எடுக்கலையா டீச்சர்?"

"வேணாம். சும்மா படி."

"இது இன்னும் வரல டீச்சர்."

"எது வரல?"

"இந்தப் பாடம். குரூப்புல வரல. கேக்காம எப்பிடி டீச்சர் படிக்கறது?"

பிறகு மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் விளங்கியது. அவளுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அந்த மழைப் பாடத்தை வாசித்து, அதை நான் வீடியோவாகப் போட்டிருந்தேன். தினமும் சாயங்காலம் அத்தையின் போனில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள். "வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவும்" என்று எழுதியது நான்தானே? அத்தை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். பையனின் வீடியோவை எடுத்துக் கேட்டேன். நடுவில் அவன் குரல் இறங்க, நான் "ம், சத்தமா" என்று அதட்டுவது கேட்கிறது. தர்ஷினியின் வீடியோவில் அதே இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. பிறகு குரலைச் சட்டென்று உயர்த்துகிறாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள் என்று நான் உருகினேன் பாருங்கள், அவள் நிறுத்தியது என் அதட்டலுக்கு இடம் விட்டுத்தான்.

அவள் என்னை ஏமாற்றவில்லை, தயவுசெய்து அதைப் புரிந்துகொள்ளுங்கள். வாசிப்பது என்றால் கேட்டதைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வது, கூடவே விரலை ஓட்டுவது என்று அந்தக் குழந்தை உண்மையாகவே நினைத்திருக்கிறாள். எழுத்து என்று எடுத்துக் கொண்டால் பத்துப் பன்னிரண்டு தெரியும். 'ப', 'ம', 'ட' சொன்னாள். 'பட்டம்' என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள், சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. எட்டு வயது. இன்னும் இரண்டு வருஷத்தில் என் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். ஆறாம் வகுப்பில் அவளை உட்காரவைத்து எழுத்துக் கூட்ட யாருக்கும் நேரம் இருக்காது. அதற்குள் பிடிக்காவிட்டால் அவளுக்கு எழுத்து இல்லவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஓடியது இதுவல்ல. விழுப்புரம் மேடைதான் ஓடியது.

அலுவலருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்தப் பொண்ணு வேணாம் சார். வேற பையனைக் கூட்டிக்கினு வர்றேன்."

"ஏன் மேடம், உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வாசிப்பு இன்னும் சரியா வரல அவளுக்கு."

சிரித்தார். "என்னா மேடம் நீங்க, ஊரே பாத்துதே வீடியோவ! பேனர்ல பாப்பா போட்டோ போட்டு அடிச்சாச்சு. கடைசி நேரத்துல பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தியா ஒரு அறிக்க மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

'அவளுக்கு வாசிக்கவே தெரியாது சார், நான் ஏமாந்துட்டேன்' என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. முப்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிற எனக்கு, ஓர் அதிகாரியிடம் அந்த ஒரு வரி வரவில்லை. "சரிங்க சார்" என்றுதான் வந்தது.

அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் குழப்பமாக இருக்கிறது. ஒரு பக்கம், படம் பார்த்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இது மழைப் பக்கம், குடை இருக்கிறது பார். இது ஆமைப் பக்கம், இதில் மழையைச் சொன்னால் அது தப்பு. "வாய் சொல்றது விரலுக்குக் கீழ இருக்கணும்டி, இல்லன்னா அது படிப்பு இல்ல" என்று மண்டையில் ஏற்றினேன். அதுவரை சரி. இன்னொரு பக்கம், மேடையில் நானே மழைப் பக்கத்தைத் திறந்து கொடுப்பேன், நீ வழக்கம் போலச் சொல்லிவிடு என்றும் சொன்னேன். ஒரே மூச்சில் உண்மையையும் பித்தலாட்டத்தையும் சேர்த்துப் போதித்திருக்கிறேன். அவள் இரண்டுக்கும் தலையாட்டினாள்.

விழுப்புரத்தில் மண்டபம் நிறைய ஆசிரியர்கள். பேனரில் தர்ஷினி வாசல் உயரத்துக்கு இருந்தாள். நல்ல வேளை, முகத்தை மட்டும்தான் போட்டிருந்தார்கள், ஆமை இல்லை. அத்தை தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையில் அவள் மேடை ஏறினாள். நான் மழைப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

மேலதிகாரி ஒருவர் எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். "மனப்பாடம்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி, வேறு ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். "இத படி பாப்பா."

தர்ஷினி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேனா, இல்லையா என்று எனக்கே நினைவில்லை. விரலை முதல் வரியில் வைத்தாள். மழைப் பாடத்தை ஆரம்பித்தாள்.

கணீரென்ற அதே குரல். என் அதட்டலுக்கு விட்ட அதே இடைவெளி. விரல் அழகாக ஓடுகிறது. அதிகாரி அவளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார், குனிந்தால் பக்கம் தெரியும். அவர் போட்டோ எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் பூராவும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தது. அத்தனை பேரும் மூன்றாம் வகுப்புப் பாடத்தை அறிந்தவர்கள். முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அந்தப் பக்கத்து ஊர்த் தம்பி மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். "உங்க முறையை எல்லாருக்கும் சொல்லுங்க மேடம்." இதுதான் நான் தவறவிட்ட இடம், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மைக் கையில் இருக்கிறது, எதிரில் அத்தனை ஆசிரியர்கள், ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பத்து நிமிஷம் பேசினேன். எத்தனை மணிக்குப் போட வேண்டும், போனை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஒலி எப்படித் தெளிவாக வரும் என்றெல்லாம். அதற்கும் கை தட்டினார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தர்ஷினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பக்கத்துல குடை இல்ல. எருமை படம்தான் இருந்துச்சு."

"ஆமா."

"நான் தப்பாதான படிச்சேன்?"

"ஆமாடி."

"அந்த சாருக்குப் படிக்கத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும். பெரிய படிப்பு படிச்சவரு."

"அப்புறம் ஏன் கை தட்டுனாரு?"

இத்தனை வருஷத்தில் பிள்ளைகள் கேட்ட எத்தனையோ கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி, இல்லாவிட்டால் அதட்டி, உட்கார வைத்திருக்கிறேன். இதற்கு எனக்கு அழுகைதான் வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூசி விழுந்துவிட்டது என்றேன். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் எங்கள் ஊர் டவுன் பஸ் வர நேரம் இருந்தது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்து, பெற்றோர் குரூப்பில் எழுதினேன். எனக்கு அவ்வளவு வேகமாக எழுத வராது. அரை மணி நேரம் ஆயிற்று.

"அன்புள்ள பெற்றோர்களுக்கு. தர்ஷினிக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. கேட்டதை மனப்பாடமாகச் சொல்கிறாள். அவள் மீது தவறில்லை, கவனிக்காதது என் தவறு. மற்ற பிள்ளைகளையும் நாளை முதல் ஒவ்வொருவராகச் சோதிக்கப் போகிறேன். அதுவரை வீடியோ வராது. என்னை மன்னித்துவிடுங்கள்."

அனுப்பிவிட்டு, எல்லாரும் காறித் துப்பப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் முதல் பதில் வந்தது. கை தட்டும் படம். அடுத்தது ரோஜாப்பூ. அப்புறம் ஒரு பிள்ளையார் படம், இரண்டு கும்பிடும் கை, "சூப்பர் டீச்சர்" என்று ஒரு குரல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செய்தியை மாற்றி அனுப்பிவிட்டேனோ என்று மேலே போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டீச்சரிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது, டீச்சர் போட்டால் நல்லதாகத்தான் இருக்கும், கை தட்டிவிட்டார்கள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், மனசு அடித்துக்கொள்ள வேண்டாம். தர்ஷினி படித்துவிட்டாள். தினமும் மதியம் இருபது நிமிஷம் நானும் அவளும், எழுத்து எழுத்தாக. அவளோடு சேர்த்து இன்னும் நாலு பேர் அதே மாதிரி அகப்பட்டார்கள். பொங்கல் கழித்து ஒரு நாள், நான் கரும்பலகையில் புதிதாக எழுதிய ஒரு வரியைத் தட்டுத் தடுமாறி, மூன்று தடவை நின்று, அசிங்கமாக வாசித்தாள். அதை நான் வீடியோ எடுக்கவில்லை. அலுவலரிடமும் நேரில் போய் உண்மையைச் சொல்லி, சான்றிதழை மேஜையில் வைத்தேன். "குடுத்தத திரும்ப வாங்கறதுக்கு நடைமுறை இல்லையே மேடம்" என்று அவர் அதை என்னிடமே நகர்த்திவிட்டார். அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உங்களில் ஒருவர்தான், பெயர் சொன்னால் கூச்சப்படுவார்.

அந்த வீடியோதான் என்னை ஏமாற்றியது. அந்த வீடியோவில் ஆமை தெரிந்திராவிட்டால் நான் ஏமாந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. பந்தியில் நான் மூன்று விதமாகப் பதில் சொன்னதற்கு இதுதான் காரணம். ஆனால் நான் இத்தனை பக்கம் எழுதியது இதற்காகவும் இல்லை. அந்தச் சிமென்ட் பெஞ்சில் நான் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தேன். ரோஜாப்பூக்கள் வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அஞ்சலை.

"டீச்சர், பாப்பா மேடைல படிச்சுதாமே! அது அத்த சொல்லிச்சு. நீங்க ஏதோ போட்டிருக்கீங்க டீச்சர், பெருசா இருக்கு. எம்பொண்ணப் பத்திதான இருக்கும்? என்னா போட்டிருக்கீங்க?"

"நீ படிக்கலையாம்மா?"

"எனக்குப் படிக்க வராது டீச்சர்."

"பள்ளிக்கூடமே போகலையா நீ?"

மிஷின் இரைச்சலுக்கு நடுவே சிரித்தாள், கூச்சத்தில் வருகிற சிரிப்பு.

"ஒங்ககிட்டதான் டீச்சர் படிச்சேன். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது. அந்த அஞ்சலைதான் நான், டீச்சர். சொல்லலாம்னுதான் இருந்தேன், ஒரு மாரி வெக்கமா இருந்துச்சு."

அம்மா வீட்டு ஊர் பெயரைச் சொன்னாள். 1993-இல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஊர். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. அதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. மூன்று வருஷம் என் எதிரில் உட்கார்ந்திருந்தவள், எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"பாட்டு, பாடம் எல்லாம் நல்லா சொல்வேன் டீச்சர். மொத வரிசைல ஒக்கார வச்சு, இன்ஸ்பெக்சனுக்கு வந்தா என்னத்தான் எழுப்பி வுடுவீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, பக்கத்துல படிக்கறத கேட்டுக்கினுதான் சொல்வேன்." மறுபடி சிரித்தாள். "வுடுங்க டீச்சர். என்னா போட்டிருக்கீங்க, படிங்க."

பஸ் நிலையத்தில் எங்கள் டவுன் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. தர்ஷினி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்து, மறுபடி காதில் வைத்து, நான் எழுதியதை வரி வரியாக அவளுக்கு வாசித்தேன். 'தர்ஷினிக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது.' 'கவனிக்காதது என் தவறு.' 'என்னை மன்னித்துவிடுங்கள்.' முழுவதும் வாசித்தேன்.

திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஒங்ககிட்ட படிக்கறப்பவே சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றாள் அஞ்சலை. "நீங்க கோச்சுக்குவீங்கன்னு பயந்துக்கினு சொல்லல."

"கோச்சுக்கமாட்டேம்மா" என்றேன்.